பட்டியலின் மூன்றாவது பெயர்: பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் செயற்குழுவினருக்கும், மத்திய மன்றத்தினருக்கும், புதிய தேசிய மன்றத்துக்கான தேர்தல் விதிகளைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும்,

2015 மார்ச்சில் ரமல்லாவில் கூடிய உங்கள் மத்திய மன்றம், இயக்கத்தின் அமைப்புகள் எல்லாவற்றிலும் பெண்களுக்குக் குறைந்தது 30 சதவீத இடம் என்று தீர்மானித்தது. 2018ல் தேர்வான செயற்குழுவில் 15 பேர். 30 சதவீதம் என்றால் ஐந்து பெண்கள் இருந்திருக்க வேண்டும். இருந்தவர் ஹனான் அஷ்ராவி ஒருவர்தான். 2020 டிசம்பரில் அவரும் விலகினார். இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் வழிவிட்டு இயக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டே போனார். 2022 பிப்ரவரியில் அதே மத்திய மன்றம் கூடி, செயற்குழுவில் காலியாயிருந்த மூன்று இடங்களை நிரப்பியது. மூவரும் ஆண்கள். 30 சதவீதத் தீர்மானத்தைப் போட்ட மன்றமே, அதை நிறைவேற்றக் கிடைத்த முதல் நல்ல வாய்ப்பில் அதை மறந்துவிட்டது.

2025 ஏப்ரலில் துணைத் தலைவர் என்று ஒரு புதிய பதவியையே உருவாக்கினீர்கள். அதற்குச் சில நாள் போதுமானதாக இருந்தது. பத்து வருடத் தீர்மானம் மட்டும் இன்னும் "உரிய நேரத்துக்கு"க் காத்திருக்கிறது. இப்போது 350 பேர் கொண்ட தேசிய மன்றம், அதாவது இயக்கத்தின் நாடாளுமன்றம், வரப்போகிறது. மூன்றில் இரண்டு பங்கு தாயகத்திலிருந்து, ஒரு பங்கு வெளியே வாழும் மக்களிடமிருந்து என்று 2025 ஜூலையில் அறிவித்தீர்கள். அடுத்த பல ஆண்டுகளுக்கான கதவு இது. அது எந்த அகலத்தில் திறக்கும் என்பது உங்கள் விதிகளின் சில வரிகளில் இருக்கிறது. அந்த வரிகளைப் பற்றித்தான் இந்த மடல்.

தமிழில் எழுதுகிறோம். உங்கள் மேசைக்கு இது வந்து சேரும் என்ற மிதப்பெல்லாம் இல்லை. ஆனால் உங்கள் போராட்டத்துக்காக எங்கள் ஊர்த் தெருக்களிலும் கூட்டம் கூடுகிறது, பதாகை எழுதப்படுகிறது. யாருடைய பெயரால் ஆதரவு கேட்கப்படுகிறதோ அவர்களில் பாதிப் பேர் உங்கள் மேசையில் இல்லை என்பதை அந்தக் கூட்டத்தில் நிற்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெண்கள் இந்த இயக்கத்துக்கு நேற்று வந்து இடம் கேட்கவில்லை. 1929 அக்டோபர் 26 அன்று ஜெருசலேமில் கூடிய முதல் அரபுப் பெண்கள் மாநாட்டுக்கு இருநூறுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசியத் தாயகம் அமைய பிரிட்டன் ஆதரவு தந்த பால்ஃபர் பிரகடனத்தை ரத்து செய்யக் கோரி அவர்களில் ஒரு குழு பிரிட்டிஷ் உயர் ஆணையரைப் போய்ப் பார்த்தது. அங்கே நீட்டிய காபியைக் குடிக்க மறுத்துவிட்டது. கேட்டது கிடைக்காமல் காபியைத் தொடுவதில்லை என்ற அரபு வழக்கத்தை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு கடுமையான பதில் என்று புரியும். பிறகு கார்களில் அணிவகுத்து நகரைச் சுற்றி வந்தார்கள். பாலஸ்தீன விடுதலை இயக்கம் பிறக்க அப்போது இன்னும் 35 ஆண்டுகள் இருந்தன.

1933 ஏப்ரலில், முதல் உலகப் போரில் ஜெருசலேமைக் கைப்பற்றிய பிரிட்டிஷ் தளபதி ஆலன்பி பிரபு அங்கே வந்தபோது பெண்கள் ஊர்வலம் போனார்கள். கிறிஸ்தவரான மத்தில் முகன்னம் உமர் மசூதியில் நின்று பேசினார். முஸ்லிமான தரப் அப்துல் ஹாதி திருக்கல்லறைத் தேவாலயத்தில் பேசினார். மத ஒற்றுமை பற்றி ஆண் தலைவர்கள் அறிக்கை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் இடத்தையே மாற்றி நின்று காட்டினார்கள். 1948 ஏப்ரலில் தெய்ர் யாசின் படுகொலைக்குப் பின் அனாதைகளாய் ஜெருசலேம் தெருவில் நின்ற 55 குழந்தைகளுக்குக் கூரை தேடியவர் ஹிந்த் அல்-ஹுசைனி. அந்தக் கூரையிலிருந்துதான் தார் அல்-திஃப்ல் என்ற நிறுவனம் வளர்ந்தது. 1965ல் பாலஸ்தீனப் பெண்கள் பொதுச் சங்கம் ஜெருசலேமில் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவரான நப்லுஸின் இஸ்ஸாம் அப்துல் ஹாதியை 1969ல் இஸ்ரேல் நாடு கடத்தியது. அதே 1965ல் அல்-பிரே நகரில் சமீஹா கலீல் இன்ஆஷ் அல்-உஸ்ராவைத் தொடங்கினார். 1996 ஜனவரியில் யாசர் அராபத்தை எதிர்த்துத் தலைவர் பதவிக்கு நிற்க நாடு முழுவதிலும் துணிந்த ஒரே ஆள் அவர்தான்.

இவற்றையெல்லாம் நீங்களே ஆண்டு விழாக்களில் சொல்கிறீர்கள். நீங்கள் சொல்லாமல் விடுவது, இந்த வேலை எப்படி நடந்தது என்பதை.

1978 மார்ச் 8 அன்று ரமல்லாவில் பெண்கள் பணிக் குழு உருவானது. அதற்கு முந்தைய அறக்கட்டளைகள் பெரும்பாலும் நகரத்து வசதிக்காரப் பெண்களால் நடத்தப்பட்டவை. தலைவி மாறமாட்டார், உதவி மேலிருந்து கீழே போகும். புதிய குழு கிராமத்தில் கிளை, வட்டாரத்தில் குழு, மேலே மையம் என்று கட்டிக்கொண்டு, பொறுப்பாளர்களைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்தது. கிராமத்துப் பெண் முதலில் வருவது கொள்கைக்காக இல்லை, மழலையர் பள்ளிக்காக, எழுத்தறிவு வகுப்புக்காக, தையல் இயந்திரத்துக்காக. வந்தபின் கூட்டம், கூட்டத்தின் பின் பொறுப்பு. நான்கைந்து ஆண்டுகளுக்குள் கம்யூனிஸ்டுகள், இடதுசாரி மக்கள் முன்னணி, இயக்கத்தின் பெரிய அணியான ஃபத்தா என்று ஒவ்வொரு அணிக்கும் ஒரு பெண்கள் குழு வந்துவிட்டது. இது போட்டியால் விளைந்தது, உண்மைதான். ஒரே கிராமத்தில் மூன்று தையல் வகுப்புகள் நடந்ததும் உண்டு. ஆனால் 1987 டிசம்பரில் முதல் இந்திஃபாதா என்ற மக்கள் எழுச்சி வெடித்தபோது, ஆக்கிரமிப்புப் பகுதியின் சந்துபொந்தெல்லாம் ஆள் இருந்த வலைப்பின்னல் இதுதான்.

1988 பிப்ரவரியில் மேற்குக் கரைப் பள்ளிகளை ராணுவம் மூடியது. வீடுகளிலும் வாகனக் கொட்டகைகளிலும் மசூதிகளிலும் தேவாலயங்களிலும் வகுப்பு நடந்தது. பெரும்பாலும் நடத்தியவர்கள் பெண்கள். அக்கம்பக்கக் குழுக்கள் வேலையைப் பிரித்துக்கொண்டன: ஊரடங்கு வந்தால் யார் வீட்டில் மாவு இருக்கிறது, யார் வீட்டில் பால்மாவு தேவைப்படும் குழந்தை இருக்கிறது, முதலுதவி தெரிந்தவர் யார், இரவுக் காவல் யார். எழுச்சியை வழிநடத்திய ஒன்றுபட்ட தலைமையின் ஆணைப்படி கடைகள் காலையில் மூன்று மணி நேரம்தான் திறந்தன. அந்த மூன்று மணி நேரத்தில் காய்கறிப் பையோடு தெருவில் நடக்கும் பெண்ணைச் சோதனைச் சாவடி பெரிதாகக் கவனிக்கவில்லை. துண்டறிக்கைகள் அந்தப் பையிலும் அங்கியின் மடிப்பிலும் ஊர் ஊராகப் போயின. அறிக்கையை எழுதிய ஆண்கள் கைதானபின், அடுத்தது எழுதப்பட்டு அச்சாகி வெளிவந்ததும் இதே வலையால்தான். 1988 ஆகஸ்டில் மக்கள் குழுக்களை இஸ்ரேல் சட்டவிரோதம் என்று அறிவித்தது. உறுப்பினராக இருந்தாலே சிறை. ஒரு கிராமத்து மழலையர் பள்ளி ஆசிரியை, தன் குழுவின் பெயருக்காகவே சிறைக்குப் போகலாம் என்ற நிலை.

அந்த ஆண்டு நவம்பர் 15 அன்று அல்ஜியர்ஸில் நீங்கள் வெளியிட்ட சுதந்திரப் பிரகடனம் ஆண்-பெண் சமத்துவத்துக்கு உறுதி தந்தது. நன்று. அதே பிரகடனம் பெண்ணை நம் வாழ்வின் காவலாள், நம் அணையா நெருப்பைக் காப்பவள் என்றும் வாழ்த்தியது. துண்டறிக்கைகளில் வந்த வாழ்த்துகளும் அதே சாயல்தான்: தியாகியின் தாய், கைதியின் மனைவி. குழுவின் செயலாளர் என்று யாரும் அழைக்கப்படவில்லை.

வாழ்த்து இருக்கட்டும், பாதுகாப்பாவது கிடைத்ததா? 1988லும் 1989லும் காஸாவில் தலைக்குத் துணி போடாத பெண்கள் மீது கல்லும் வசையும் விழுந்தன. போராட்டத்துக்கு மரியாதை என்ற பெயரில் நடந்தது அது. தொடர்ந்து அறிக்கை விட்ட ஒன்றுபட்ட தலைமை இதைக் கண்டித்துப் பேசியது 1989 ஆகஸ்டில். பேசியதும் தாக்குதல் சட்டென்று குறைந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. ஒரு பத்தி போதுமானதாக இருந்தது; அது வர ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. அதற்குள் காஸாவில் தலைத்துணி இல்லாமல் தெருவில் நடக்கும் பெண்ணைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

அந்த நாட்களில் பாலஸ்தீனப் பெண்கள் திரும்பத் திரும்பச் சொன்ன பெயர் அல்ஜீரியா. பிரான்ஸை எதிர்த்துக் குண்டு சுமந்த அல்ஜீரியப் பெண்களுக்கு 1984ல் கிடைத்தது, அவர்களை ஆணின் காவலின் கீழ் வைத்த குடும்பச் சட்டம். எங்களுக்கு அது நடக்கக் கூடாது என்றார்கள்.

1991ல் மாட்ரிட் அமைதி மாநாட்டில் உலகம் கேட்ட பாலஸ்தீனக் குரல் ஹனான் அஷ்ராவியுடையது. பின் வாஷிங்டன் பேச்சுவார்த்தைக்கு ஸஹீரா கமாலும் போனார். ஆனால் எதிர்கால அரசுக்காக நீங்கள் தொழில்நுட்பக் குழுக்கள் அமைத்தபோது பெண்களுக்கென்று ஒன்று இல்லை. 1992ல் பெண்கள் தாங்களே வற்புறுத்தி ஒன்றைச் சேர்க்க வைத்தார்கள். மேசையில் இருப்பவரைக் கேட்டால் "யாரும் தடுக்கவில்லையே" என்பார். தடுக்க வேண்டியதில்லை, பட்டியலை எழுதும்போது நினைவுக்கு வராமல் இருந்தாலே போதும்.

1993 ஓஸ்லோ ஒப்பந்தத்தின்படி சுயாட்சி நடத்தும் பாலஸ்தீன அதிகாரசபை வந்தபின் முதலில் சந்தித்த சண்டை ஒன்றையும் நினைவுபடுத்துகிறோம். தங்கள் சொந்த அரசின் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்த பெண்களிடம் ஆண் பாதுகாவலரின் ஒப்புதல் கேட்கப்பட்டது. பெண்கள் அமைப்புகள் வீதிக்கு வந்தபின் அது கைவிடப்பட்டது. வீதிக்கு வராமல் அது போயிருக்காது.

சிறையிலிருந்து ஒன்று. இஸ்ரேலுடன் 1995ல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி பெண் கைதிகள் எல்லோரும் விடுதலையாக வேண்டும். சிலரை மட்டும் விடமாட்டோம் என்றது இஸ்ரேல். கதவு திறந்திருந்தும் மற்றவர்கள் வெளியே போக மறுத்தார்கள்: எல்லோரும் போவோம், அல்லது யாரும் போகமாட்டோம். 1997 பிப்ரவரியில் எல்லோருமே வெளியே வந்தார்கள். கூட்டுப் பேரம் என்றால் என்னவென்று பேச்சுவார்த்தைக் குழுக்கள் இந்தப் பெண்களிடம் கேட்டிருக்கலாம். அவர்களில் எத்தனை பேரை அதன்பின் எந்தக் குழுவில் போட்டீர்கள்?

விமானம் கடத்திய லைலா காலித் துப்பாக்கியோடு நிற்கும் படம் உலகம் முழுக்கச் சுவரொட்டியானது. 1978 மார்ச்சில் தலால் முக்ரபி தலைமையில் நடந்த தாக்குதலில் குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். அதைக் கொண்டாட எங்களுக்கு மனமில்லை. ஆனால் அல்-பிரேயில் ஒரு சதுக்கத்துக்கு அவர் பெயரை வைத்தது ஃபத்தா. அதே ஃபத்தாவின் 2009 மாநாட்டில் மத்தியக் குழுவுக்கு ஒரு பெண்கூடத் தேர்வாகவில்லை. 2016ல் 18 பேரில் தலால் சலாமே ஒருவர். ஹமாஸும் வேறு வழியில் இங்கேதான் வந்து நிற்கிறது: 2006ல் பெய்ட் ஹனூனில் முற்றுகையை உடைக்கப் பெண்களைத் திரட்டிப் போன ஜமீலா அல்-ஷந்தி, 2021ல்தான் அதன் அரசியல் குழுவுக்குத் தேர்வான முதல் பெண் ஆனார், 2023 அக்டோபரில் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார். செத்தவளுக்குச் சதுக்கம் கிடைக்கிறது, உயிரோடு இருப்பவளுக்கு நாற்காலி இல்லை.

இனி விதிகளுக்கு வருவோம். இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

2006 ஜனவரித் தேர்தலில் அதிகாரசபையின் சட்டமன்றத்துக்கு 132 இடங்கள். 66 இடங்கள் நாடு தழுவிய கட்சிப் பட்டியலிலிருந்து, 66 இடங்கள் மாவட்டத் தொகுதிகளிலிருந்து. பட்டியலுக்கு மட்டும் ஒரு விதி இருந்தது: முதல் மூன்று பெயர்களில் குறைந்தது ஒரு பெண், அடுத்த நான்கில் ஒருவர், அதன்பின் ஒவ்வோர் ஐந்திலும் ஒருவர். மாவட்டங்களுக்கு விதியே இல்லை. விளைவு: மாவட்டங்களில் வென்ற 66 பேரில் ஒரு பெண்கூட இல்லை. சட்டமன்றத்துக்குள் போன 17 பெண்களும் பட்டியல் வழியாகத்தான் போனார்கள். பட்டியல் பாதியில் 26 சதவீதம், முழு அவையில் 13 சதவீதம். குலமும் பணமும் ஊர்ப் பெரியவர்களும் முடிவு செய்யும் இடத்தில் விதி இல்லாமல் பெண் வெல்லமாட்டார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை யாரும் வடிவமைத்திருக்க முடியாது. ஒரே நாள், ஒரே வாக்காளர்கள், இரண்டு முறைகள்.

பட்டியல் பாதியையும் பிரித்துப் பாருங்கள். விதிப்படி பெண்ணை வைக்கக்கூடிய ஆகக் கடைசி இடங்கள் 3, 7, 12, 17, 22, 27. ஹமாஸுக்குப் பட்டியலில் 29 இடங்கள், இந்தக் கணக்கின்படி சட்டம் கட்டாயப்படுத்தியது 6 பெண்களை, கிடைத்ததும் 6. ஃபத்தாவுக்கு 28 இடங்கள். கட்டாயம் 6, கிடைத்தது 8. மூன்று இடம் பிடித்த மக்கள் முன்னணியின் பட்டியலிலிருந்து கலீதா ஜர்ரார் போனார். முதல் மூன்றில் ஒரு பெண் என்ற விதி இல்லாவிட்டால் அந்த மூன்றில் அவர் இருந்திருப்பாரா என்பதை அந்த அணியினரே சொல்லட்டும். தலா இரண்டு இடம் பிடித்த பட்டியல்கள் மூன்று. அவற்றில் இரண்டில் பெண்ணை இரண்டாவது இடத்தில் வைத்திருந்தார்கள்: அஷ்ராவியும் ராவியா ஷவாவும் உள்ளே போனார்கள். இடதுசாரிகள் சேர்ந்து போட்ட மாற்றுப் பட்டியலில் முதல் இருவர் ஆண்கள், பெண் மூன்றாவது. உள்ளே போனவர்கள் இரண்டு ஆண்கள். சமத்துவம் பற்றி அதிகம் எழுதியவர்களின் பட்டியல் அது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இதில் எங்கே பழுது என்று இப்போது தெரிகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பெண்ணைக் கடைசிப் படியில் நிறுத்துவதை விதி அனுமதிக்கிறது. 2 இடம் வெல்லும் பட்டியலில் பெண் இல்லாமல் போகலாம். 6 இடம் வெல்லும் பட்டியலில் ஒருவரே போதும். அது 17 சதவீதம். 2006 விதிப்படி 11 வென்றாலும் இருவர்தான், 18 சதவீதம். வெட்டுக்கோடு விழும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிற்பவர் பெண்ணாக இருக்கும்படி பட்டியல் எழுதத் தெரிந்தவர்கள் எல்லா அணியிலும் இருக்கிறார்கள். 2007ல் முழு அவையையும் பட்டியல் முறைக்கு மாற்றினீர்கள், இடம் பெறத் தேவையான வாக்கு வரம்பை 1.5 சதவீதமாகக் குறைத்தீர்கள். முழுப் பட்டியல் முறை பெண்களுக்கு நல்லது. ஆனால் வரம்பு குறையும்போது இரண்டு மூன்று இடம் பிடிக்கும் சிறு பட்டியல்கள் பெருகும். சிறு பட்டியல் என்றால் மூன்றாவது பெயர் வெளியே நிற்கும். 2021ல் ஒதுக்கீட்டை 26 சதவீதமாக உயர்த்தினீர்கள். 36 பட்டியல்கள் வந்தன, 1,389 வேட்பாளர்களில் 405 பேர் பெண்கள். 29 சதவீதம். போட்டியிடப் பெண்கள் இல்லை என்ற பழைய சாக்கு அந்த ஒரு மாதத்தில் காலாவதியானது. அவர்களில் எத்தனை பேர் வெல்லக்கூடிய இடத்தில் இருந்தார்கள் என்பது தெரியும் முன்பே, ஏப்ரல் கடைசியில் கிழக்கு ஜெருசலேமைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளிவைத்தீர்கள். அது வேறு வழக்கு. வேட்பாளர் சதவீதத்தை வெற்றிச் சதவீதமாகக் காட்டும் அறிக்கைகள் மட்டும் வேண்டாம் என்கிறோம்.

நியமன இடங்களில் நிலைமை இன்னும் மோசமாகலாம். 350ல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 117 பேர், வெளியே வாழும் மக்களிடமிருந்து வர வேண்டும். லெபனானிலும் சிரியாவிலும் வாக்குப்பெட்டி வைக்க முடியாத இடங்களில் அணிகள் பேசி ஆள் அனுப்பும் பழைய வழக்கம்தான் திரும்பி வரும். பட்டியல் விதி பட்டியலைத்தான் கட்டுப்படுத்தும், பேசி முடிக்கும் அறையை எட்டாது. லெபனான் முகாம்களின் மக்கள் குழுக்களில் ஆண்களே நிறைந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் குழுக்களிடம் பெயர் கேட்டால் வரும் பெயர்களும் அப்படித்தான் இருக்கும். அதற்கு மேல் ஒரு தந்திரம் உண்டு: பெண்கள் சங்கத்துக்குத் தனி இடம் கொடுத்தாயிற்று, ஆகவே அணிகள் தங்கள் இடங்களில் ஆண்களையே அனுப்பலாம் என்பது. சங்கத்தின் இடங்களை 30 சதவீதக் கணக்கில் சேர்த்தால் இந்த ஓட்டை அடைபடவே செய்யாது. தல் அல்-ஸஅதர் முகாம் 1976ல் முற்றுகையில் கிடந்தபோது குறிபார்த்துச் சுடுபவர்களுக்கு நடுவே தண்ணீர் எடுக்கப் போனவர்கள் பெண்கள். பலர் குடத்தோடு திரும்பவில்லை. அந்த முகாம் மக்களின் வாரிசுகளுக்காகப் பேச ஒரு பெண்ணும் கிடைக்கவில்லை என்று லெபனானிலிருந்து வரும் பட்டியல் சொன்னால் அதை ஏற்பீர்களா?

உள்ளாட்சியைப் பற்றிச் சுருக்கமாக. 2016ல் உள்ளாட்சித் தேர்தலுக்கான ஏற்பாடுகள் நடந்தபோது, சில பட்டியல்களின் சுவரொட்டிகளில் பெண் வேட்பாளரின் பெயருக்குப் பதிலாக இன்னாரின் மனைவி, இன்னாரின் சகோதரி என்று போட்டார்கள். படத்துக்குப் பதிலாக ஒரு பூ. வாக்கு கேட்பவருக்குப் பெயர் இல்லை. ஜானெட் மிகைல் ரமல்லாவிலும் வேரா பாபூன் பெத்லஹேமிலும் மேயராக இருந்த நாட்டில் நடந்தது இது.

இப்படி எல்லாம் கேட்கும்போது வரும் பதில்களும் எங்களுக்குத் தெரியும். ஆக்கிரமிப்பு முடியட்டும் என்பது முதல் பதில். ஆக்கிரமிப்பு பெண்களை எப்படித் தாக்குகிறது என்று நாங்கள் அறியாமல் இல்லை: சட்டமன்ற உறுப்பினராக இருந்த கலீதா ஜர்ரார் 2015லிருந்து பலமுறை கைதானவர், 2021ல் மகள் இறந்தபோது அடக்கத்துக்குக்கூட வெளியே விடப்படவில்லை. ஆனால் 2022 பிப்ரவரியில் மூன்று காலியிடங்களை நிரப்பிய வாக்கெடுப்பில் எந்தச் சோதனைச் சாவடி குறுக்கே நின்றது? இரண்டாவது பதில், சட்டமன்றம் இல்லை என்பது. 2018 டிசம்பரில் சட்டமன்றம் கலைக்கப்பட்டபின் திருமண வயதை 18 ஆக்கியது தலைவர் பிறப்பிக்கும் ஆணைச் சட்டம்தான், 2019ல். தேர்தல் விதிகள் மாறியதும் ஆணையால்தான். கையெழுத்துப் போட முடிகிறபோது போடுகிறீர்கள். வீட்டு வன்முறைக்கு எதிரான குடும்பப் பாதுகாப்புச் சட்டம் மட்டும் ஆண்டுக்கணக்கில் வரைவாகவே கிடக்கிறது. 2019 செப்டம்பரில் தல்ஆத் இயக்கத்துப் பெண்கள் பல நகரங்களில் ஒரே நாளில் தெருவுக்கு வந்து, பெண் விடுதலை இல்லாமல் தாயக விடுதலை இல்லை என்று முழங்கியது இந்தக் கிடப்பை எதிர்த்தும்தான்.

மூன்றாவது பதிலில் கொஞ்சம் உண்மை உண்டு: பெண்கள் இயக்கமே வலுவிழந்துவிட்டது என்பது. ஆம். ஓஸ்லோவுக்குப் பின் குழுக்கள் தொண்டு நிறுவனங்களாயின. கிராமக் கிளையின் இடத்தில் ஒன்று இரண்டு ஆண்டுத் திட்டங்கள் வந்தன. கூட்டம் நடத்தியவர் ஊதியம் வாங்கும் ஒருங்கிணைப்பாளர் ஆனார். அறிக்கை நிதி தருபவருக்கு, ஆங்கிலத்தில். திட்டம் முடிந்ததும் மழலையர் பள்ளி மூடப்பட்டது. ஆனால் இதற்கு உங்கள் பங்கும் உண்டு. சங்கத்துக்கும் குழுக்களுக்கும் நிதியில் இடம் ஒதுக்காமல், அமைச்சகம் ஒன்றை மட்டும் வைத்துவிட்டு, வெளிநாட்டு நிதியிடம் அவர்களைத் தள்ளிவிட்டது தலைமைதான்.

ஆகவே கேட்கிறோம்.

செயற்குழுவில் இனி காலியாகும் இடங்களைப் பெண்களைக் கொண்டு நிரப்புங்கள். ஐந்து பேர் ஆகும்வரை. மத்திய மன்றத்தின் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இது முதல் பொருளாக இருக்கட்டும்.

தேசிய மன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் பட்டியல் விதியை மாற்றுங்கள்: முதல் இரண்டு பெயர்களில் ஒரு பெண், அதன்பின் ஒவ்வொரு மூன்றிலும் ஒருவர். அப்போது பெண்ணை எவ்வளவு கீழே தள்ளினாலும் இடங்கள் 2, 5, 8, 11 என்று வரும். இரண்டு இடம் பிடிக்கும் சிறு பட்டியலிலிருந்தும் ஒரு பெண் கட்டாயம் வருவார். பத்து இடம் பிடித்தால் மூவர். நீங்கள் போட்ட 30 சதவீதம் இந்த வரிசையில்தான் கைக்கு வரும், சதவீதத்தை மட்டும் எழுதினால் வராது. இந்த வரிசைக்கு ஒத்துவராத பட்டியலைத் தேர்தல் ஆணையம் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பட்டும். கெடுவுக்குள் திருத்தாவிட்டால் நிராகரிக்கட்டும். வென்ற பெண் விலகினால் அதே பட்டியலின் அடுத்த பெண் வர வேண்டும், அடுத்த பெயர் அல்ல. இதை எழுதாவிட்டால் தேர்தல் முடிந்த மறுமாதம் "குடும்பக் காரணங்களால்" விலகல்கள் தொடங்கும்.

வெளியிலிருந்து வரும் சுமார் 117 இடங்களில் வாக்கெடுப்பு இல்லாமல் நிரப்பப்படுவது எதுவானாலும், ஒவ்வொரு நாட்டுக் குழுவிலும் தனித்தனியாக 30 சதவீதம் இருக்க வேண்டும். அதற்குக் குறைவான பட்டியலோடு வரும் குழுவின் இடங்களைக் காலியாக விடுங்கள். பெண்கள் பொதுச் சங்கத்தின் இடங்கள் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கட்டும்.

ஃபத்தா, ஹமாஸ், மற்ற அணிகளுக்கிடையே சமரசப் பேச்சு, காஸா மீள்கட்டுமானம், அரசியலமைப்பு வரைவு என்று எந்தக் குழு அமைந்தாலும் உறுப்பினர் பெயர்களைப் பகிரங்கமாக வெளியிடுங்கள். மூன்றில் ஒருவர் பெண்ணாக இல்லாத குழுவின் பரிந்துரையை மத்திய மன்றம் விவாதத்துக்கு எடுக்கக் கூடாது.

வாக்குச்சீட்டிலும் பிரசாரச் சுவரொட்டியிலும் வேட்பாளரின் முழுப் பெயர் கட்டாயம் என்று எழுதுங்கள். மீறும் பட்டியலுக்கு அபராதம், இரண்டாம் முறை மீறினால் நீக்கம்.

பெண்கள் பொதுச் சங்கத்துக்கு இயக்கத்தின் தேசிய நிதியிலிருந்து ஆண்டு ஒதுக்கீடு கொடுத்து, கிளைத் தேர்தல்களைத் தாயகத்திலும் முகாம்களிலும் நடத்த வையுங்கள். குடும்பப் பாதுகாப்புச் சட்ட வரைவைத் தேசிய மன்றத் தேர்தலுக்கு முன்பே ஆணைச் சட்டமாக வெளியிடுங்கள். இவற்றில் எதைச் செய்யப்போகிறீர்கள், எதை மாட்டீர்கள், ஏன் என்று அரபியில், எழுத்தில், பெண்கள் பொதுச் சங்கத்துக்குப் பதில் அனுப்புங்கள். எங்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை.